ஞாயிற்றுக்கிழமை முட்டை

தோப்படிவிளை
1934 ஜூலை 16

ஞானசிங் அவர்களுக்கு,

உங்கள் தோள் இரண்டும் என் வகுப்புப் பிள்ளைகளின் முட்டையைத் தின்று வளர்ந்தவை.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. நேற்று மாலை நம் சபைக் கோயிலில் ஆராதனை முடிந்தபின் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நான் வடசேரிக்காரி. எங்கள் தெரு கடைத்தெரு, கோழி வளர்க்கிறவர்கள் குறைவு. அதனால் கோழி ஞாயிற்றுக்கிழமை இடுகிற முட்டை கர்த்தருக்கு என்ற வழக்கத்தை இங்கே ஆசிரியையாக வந்த பிறகுதான் பார்க்கிறேன். பெண்கள் முட்டையை மடியில் பொத்திக் கொண்டுவந்து ஓலைப்பெட்டியில் வைக்கிறார்கள். ஆராதனை நடத்துகிற சத்தியராஜ் உபதேசியாரே ஏலம் கூறுகிறார். உங்கள் அப்பா ஒரு விலை கேட்கிறார். அதற்குமேல் ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பெட்டி அப்படியே உங்கள் வீட்டுக்குப் போகிறது. பல வருஷமாக இப்படித்தானாம். ‘மொதலாளிக்க மொவனுக்கு’ என்று பெண்களே சொல்கிறார்கள். எப்படி வாய் திறப்பார்கள்? அவர்கள் குடியிருப்பதும் உங்கள் தென்னந்தோப்பு விளை, பாதிப் பேருக்கு வேலை கொடுப்பதும் உங்கள் விளை.

இந்த முட்டையைப் போட்ட கோழிகளை வளர்க்கிற வீடுகளிலிருந்து என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் காலையில் மரச்சீனிக் கிழங்கு தின்கிறார்கள். இரவிலும் கிழங்கு. இடையில் தண்ணீர். வயிறு மட்டும் முன்னால் வருகிறது, கைகால் குச்சி. மத்தியானப் பாடத்தில் பாதி வகுப்பு தூங்குகிறது. சுகாதாரப் பாடத்தில் ‘முட்டை உடம்பை வளர்க்கும்’ என்று படித்துக் காட்டினேன். பூங்கனி என்று ஒரு வாலு இருக்கிறாள். எழுந்து கேட்டாள்: “அது யாருக்க உடம்ப டீச்சர்?”

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது.

நிச்சயம் முடிந்த பெண் மாப்பிள்ளைக்கு இப்படிக் கடிதம் எழுதலாமா என்று என் அம்மா கேட்பாள். கேட்கட்டும். கிறிஸ்துமஸ் கழிந்து கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். அந்த முட்டை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வர வேண்டும். வராவிட்டால் கல்யாணம் இல்லை. உங்கள் அப்பாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிளாரா

*

சென்னை
1934 ஜூலை 25

கர்த்தருக்குள் பிரியமான கிளாராவுக்கு,

நிச்சயத்துக்குப் பிறகு பெண்ணிடமிருந்து முதல் கடிதம் வந்திருக்கிறது என்று அறைத் தோழர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “வாசி, வாசி” என்று ஒரே ஆர்ப்பாட்டம். நானும் பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டேன். அன்றிலிருந்து இந்தத் தேகப்பயிற்சிப் பள்ளியில் என் பெயர் ‘முட்டைத் தோள்’. மைதானத்தில் அணிவகுப்பு நடக்கும்போதுகூட யாராவது பின்னாலிருந்து கோழிபோல் கொக்கரிக்கிறான்.

நீ எழுதியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் திருட்டு மாதிரி எழுதியிருக்கிறாய். அப்பா ஏலத்தில்தானே எடுக்கிறார்? காசு சபைக்குத்தானே போகிறது? வேறு யாரும் கேட்காவிட்டால் அவர் என்ன செய்வார்?

அப்பாவிடம் சொல்வது பற்றி. அவர் கோபம் உனக்குத் தெரியாது. ஒருமுறை மழை பெய்யும் என்று சொன்ன பஞ்சாங்கத்தைக் கிணற்றில் எறிந்தவர் அவர், மழை பெய்யாததற்காக. விடுமுறைக்கு வரும்போது முகம் பார்த்து, நேரம் பார்த்துப் பேசலாம். கல்யாணம் இல்லை என்றெல்லாம் எழுதாதே. நிச்சயத்தன்று நீ என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாயே, அதை நினைத்துக்கொண்டு நான் இங்கே பதினெட்டுப் பேரோடு ஒரே குளியலறையில் காலம் தள்ளுகிறேன்.

உன்
ஞானசிங்

*

தோப்படிவிளை
1934 ஆகஸ்ட் 6

ஞானசிங் அவர்களுக்கு,

நிமிர்ந்து பார்த்தது தோளைத்தான். அப்போது அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

‘வேறு யாரும் கேட்காவிட்டால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, நடந்து வருகிறவன் ஏன் ஏறவில்லை என்று கேட்பதுபோல் இருக்கிறது.

நீங்கள் சென்னையில் இருக்கிறீர்களே, இப்போது வாரம் ஒரு பெட்டி முட்டை யாருக்கு என்று நான் விசாரித்தேன். உங்கள் அம்மா கொஞ்சம் எடுத்துக் குழம்பு வைக்கிறார்கள். மிச்சத்தை வண்டிக்காளைக்கு ஊற்றுகிறார்கள். என் கண் முன்னால் செய்தார்கள். வேலைக்காரர் காளையின் வாயைத் தூக்கிப் பிடிக்க, உங்கள் அப்பா மூங்கில் குழாயில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றுகிறார். அது நாக்கைச் சுழற்றி நக்கிக்கொள்கிறது. அதன்பின் அதற்கு ஒரு ஓலைவட்டி நிறைய அவித்த காணம், சென்னையில் கொள்ளு என்கிறார்களே, அது. நல்ல மினுமினுப்பான காளை. என் வகுப்பில் அந்த மினுமினுப்பு ஒருவருக்கும் கிடையாது.

வேலிக்கு இந்தப் பக்கம் செல்லபாய் நின்றுகொண்டிருந்தாள். பூங்கனியின் அம்மா. அதற்கு முந்தின நாள்தான் கோயிலுக்கு முட்டை கொண்டுவந்தவள்.

“காளைக்கு ஊத்துதாங்களே, ஒனக்கு ஒண்ணும் தோணல்லியா?” என்று கேட்டேன்.

“தோணிச்சு டீச்சரே.”

“என்ன தோணிச்சு?”

“அடுத்த பிறவியில காளையாப் பிறக்கணும்ணு. உபதேசியார்ட்ட சொல்லிராதியும், அடுத்த பிறவி நம்ம வேதத்துல கிடையாதாம்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

முகம் பார்த்து, நேரம் பார்த்துப் பேசுகிற வேலையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதே எழுதுங்கள்.

கிளாரா

*

சென்னை
1934 ஆகஸ்ட் 20

பிரியமான கிளாரா,

காளைக்கா? என் முட்டையைக் காளைக்கா? முதலில் எனக்கு வந்தது பொறாமைதான், பொய் சொல்லவில்லை.

உனக்கு ஒரு செய்தி. எங்கள் வகுப்பில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். முட்டையைத் தொடமாட்டார், மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துவார். இராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் ஒரு கும்பா மென்று தின்பார். மத்தியானம் பருப்பைச் சோற்றுக்குச் சமமாக ஊற்றிக்கொள்வார். சாயங்காலம் வறுத்த வேர்க்கடலை, படுக்கும்போது பால். போன வாரம் மல்யுத்தப் பாடத்தில் அவரையும் என்னையும் நிறுத்தினார்கள். நான் ‘பாவம், பருப்பு தின்கிற ஆள்’ என்று நினைத்துக்கொண்டு மெதுவாகப் பிடித்தேன். அடுத்த நிமிஷம் ஆகாயம் தெரிந்தது. மூன்று தடவையும் ஆகாயம்தான் தெரிந்தது.

ஆசிரியர் பிறகு விளக்கினார். சாப்பாட்டில் சதையை வளர்க்கிற சத்து ஒன்று இருக்கிறது, இங்கிலீஷில் புரோட்டீன் என்பார்கள். அவர் தமிழில் ‘சதைச் சத்து’ என்றார். முட்டை, மீன், இறைச்சி, பால், மோர் எல்லாவற்றிலும் உண்டு. ஏழைகளுக்குக் கைக்கெட்டுவது பயறும் கடலையும் காணமும். கிழங்கில் அது இல்லை என்றே சொல்லலாம். கிழங்கு வயிற்றை அடைக்கும், உடம்பைக் கட்டாது. வளர்கிற பிள்ளைகளுக்குச் சதைச் சத்து இல்லாவிட்டால் வயிறு ஊதும், கைகால் வற்றும், சோர்ந்து தூங்குவார்கள் என்றார். உன் கடிதத்தை அவரிடம் யாரோ காட்டிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஆகவே முட்டைக்காகக் காத்திருக்காதே. கிழங்கோடு நாலு சாளை மீன் இருந்தால் போதும், நல்ல சாப்பாடு. சிறுபயற்றை அவித்துத் தேங்காய் துருவிப் போட்டுக் கொடு. காணத்தையும் அவிக்கலாம்.

அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே நல்ல மழை’ என்று தொடங்கினேன். பக்கம் முடிகிறவரைக்கும் மழைதான் பெய்தது.

உன்
ஞானசிங்

*

தோப்படிவிளை
1934 செப்டம்பர் 24

ஞானசிங் அவர்களுக்கு,

சென்னையில் மழை விட்டதா?

உங்கள் ஆசிரியர் சொன்னதைச் செய்து பார்த்தேன். சொல்கிறவருக்குச் சுலபம். சிறுபயறு கேட்டு வீடு வீடாகப் போனேன். சமைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்களே, அதுபோல் பிள்ளைகளுக்கு ஒரு பிடி பயறு கேட்டேன். செல்லபாய் பானையைத் திறந்து காட்டினாள். “இது விதைக்கு உள்ளது டீச்சரே. இதத் தின்னா வாற வருசம் ஒம்மத்தான் தின்னணும்.”

சாளைக்குப் போனேன். இந்த மாதம் இனயம் கடற்கரையில் சாளை குவிந்துவிட்டது, வாங்க ஆள் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். வண்டி வண்டியாக நம் ஊருக்கு வந்ததையும் பார்த்தேன். உங்கள் தென்னந்தோப்பில் ஒவ்வொரு மரத்தின் மூட்டிலும் குழி வெட்டி அவ்வளவையும் உரமாகக் கொட்டி மூடிவிட்டார்கள். இரண்டு நாள் ஊர் முழுக்க நாற்றம். தென்னை மீன் தின்கிறது, காளை காணமும் முட்டையும் தின்கிறது. உங்கள் சதைச் சத்துக்கு இந்த ஊரில் குறைவே இல்லை ஐயா. பிள்ளையாகப் பிறந்ததுதான் தப்பு.

கடைசியில் என் சம்பளத்தில் காணம் வாங்கினேன். அவித்துத் தாளித்துத் தேங்காய்ப்பூ போட்டு மத்தியானம் வகுப்பில் கொண்டுவந்து வைத்தேன். ஒரு பிள்ளையும் தொடவில்லை. பூங்கனி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“டீச்சர், நாங்க என்ன மாடா?”

நான் ஒரு கை அள்ளித் தின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இன்னொரு கை தின்றேன். பூங்கனி மற்றவர்களிடம் சொன்னாள்: “ஏட்டி, செத்த பொறுங்க. டீச்சருக்குக் கொம்பு மொளைக்குதாண்ணு பாப்பம்.”

மணி அடிக்கிறவரைக்கும் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக ஒருத்தி என் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். கொம்பு இல்லை என்று உறுதியானதும் சட்டி காலியாயிற்று. இப்போது சட்டி போதவில்லை. மத்தியானப் பாடத்தில் தூக்கம் குறைந்திருக்கிறது, சண்டை கூடியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம். ஆனால் என் சம்பளம் ஒரு வகுப்பை வளர்க்காது.

நவம்பர் பதினொன்றாம் தேதி நம் கல்யாண அறிக்கை முதல் தடவையாகக் கோயிலில் வாசிக்கப் போகிறார்கள் என்று உபதேசியார் சொன்னார். அதற்குமுன் உங்கள் அப்பாவுக்கு எழுதுங்கள். மழையைப் பற்றி வேண்டாம்.

கிளாரா

*

சென்னை
1934 நவம்பர் 19

பிரியமான கிளாரா,

நான் அப்பாவுக்கு எழுதாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கார்டு இன்று வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

‘மகனுக்கு. நீ கெட்டப்போற பெண்ணு ஞாயிறு கோயில்ல எழும்பி நிண்ணு தடை உண்டும்ணு சொன்னா. என்ன தடையிண்ணு உபதேசியார் கேட்டாரு. முட்டையிண்ணு சொன்னா. ஊரு சிரிக்குது. இது ஒனக்கும் தெரிஞ்ச காரியமா? பதில் போடு. இங்கயும் நல்ல மழை. அப்பன்.’

கிளாரா, இது உண்மையா? மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பதும், இந்த மணத்துக்குத் தடை அறிந்தவர் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்பதும் நாம் பிறந்ததிலிருந்து கேட்கிற சங்கதி. அந்த இடத்தில் எல்லாரும் இருமுவார்கள், வேறொன்றும் நடக்காது. யாராவது எழுந்து தடை சொல்லி நான் கேட்டதில்லை. மணப்பெண்ணே எழுந்து சொல்வாள் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

நான் கார்டை வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு மறுபடியும் சிரித்தேன். என் கோயமுத்தூர்க்காரர் “இந்தப் பெண்ணோடு மல்யுத்தத்துக்குப் போய்விடாதே” என்றார்.

இனி என்ன ஆகும்? கல்யாணம் உண்டா, இல்லையா? நான் அப்பாவுக்குக் ‘கார்டு கிடைத்தது’ என்று மட்டும் பதில் போட்டிருக்கிறேன். திட்டாதே.

உன்
ஞானசிங்

*

தோப்படிவிளை
1934 நவம்பர் 26

ஞானசிங் அவர்களுக்கு,

திட்டவில்லை. திட்டி ஆகிற ஆள் இல்லை நீங்கள்.

உண்மைதான். எழுந்தேன். “தடை உண்டு” என்றேன். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மணப்பெண்ணே சொல்லப்பிடாது பிள்ளே” என்றார். “தடை அறிந்தவர் யாரும் சொல்லலாம் என்று நீங்கள்தானே வாசித்தீர்கள்” என்றேன். பின்னால் பெண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்தி களுக்கென்றாள், அப்புறம் கோயிலே சிரித்தது. உங்கள் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார். ஆனாலும் சாயங்காலம் வந்து வழக்கம்போல் ஏலம் கேட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனார். அவர் பிடிவாதத்தில் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் கதை அதற்குப் பிறகுதான். அடுத்த ஞாயிறு பெட்டி காலியாக வந்தது. உபதேசியார் உள்ளே பார்த்தார், கவிழ்த்தும் பார்த்தார்.

“என்னா, ஒரு முட்டையும் இல்லியா?”

செல்லபாய் எழுந்தாள். “உபதேசியாரே, ஞாயித்துக்கிழம ஒரு வேலயும் செய்யப்பிடாதுண்ணு நீருதானே பிரசங்கம் சொன்னீரு? எனக்க கோழி ஜன்னலுக்குப் பொறத்த நிண்ணு கேட்டோண்டு இருந்துது.”

உங்கள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, வெளயாடுதியா? போன ஞாயிறு வர இட்ட கோழிதானே?”

“போன ஞாயிறு வர அதுக்குப் பக்தி இல்ல மொதலாளி. இந்த வாரந்தான் மனந்திரும்பிச்சு.”

உபதேசியார் சிரிப்பை அடக்க முடியாமல் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டால் தோள் குலுங்குவதை மறைக்கலாம் என்று நினைத்தார்போலும்.

நேற்றும் பெட்டி காலி. ஊரில் உள்ள கோழியெல்லாம் ஓய்வுநாள் அனுசரிக்கிறது. திங்கட்கிழமை காலையில் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு முட்டை வருகிறது, பாவாடை மடிப்பில், ஓலைக்கூட்டில், ஒன்று சட்டைப்பையில் உடைந்து வழிந்துகொண்டு. அவித்து, நூலால் அறுத்து, ஆளுக்குப் பாதி கொடுக்கிறேன்.

இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். நான் எழுந்து நின்றது மட்டும்தான். மீதியை அவர்கள் எனக்குக்கூடச் சொல்லாமல் தங்களுக்குள் பேசி முடித்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் பயந்துகொண்டு கொடுத்தவர்களா இவர்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் உங்கள் அப்பா காலிப் பெட்டிக்கு முன்னால் தனியாக நிற்கிறார். அதையும் பார்த்தேன். இப்படியே எவ்வளவு நாள் போகும்? அறிக்கை நின்று கிடக்கிறது. கல்யாணமும்.

கிளாரா

*

சென்னை
1934 டிசம்பர் 3

பிரியமான கிளாரா,

கோழி மனந்திரும்பிய செய்தியை வாசித்துவிட்டு நான் கட்டிலிலிருந்து விழுந்தேன். தேகப்பயிற்சி ஆசிரியர் அடிபட்டதா என்று கேட்டார்.

ஆனால் ஒன்று. அவர்கள் பயந்துகொண்டு கொடுத்தார்கள் என்கிறாய். தொடக்கம் அப்படி இல்லை. இதை உனக்கு முன்பே எழுதியிருப்பேன், ஆனால் தோளைப் பார்த்த பெண்ணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான் மூன்று வயதுவரை நடக்கவில்லையாம். வயிறு இருந்தது, கால் இல்லை. நீ உன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுதினாயே, அப்படியே நான்தான் அது. முட்டை கொடுக்கச் சொன்னார் வைத்தியர். அந்த வருஷம் கோழிச்சாவு வந்து எங்கள் வீட்டில் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு வந்து நின்றார். அதுவரை ஏலத்தில் போட்டி பலமாக இருக்குமாம். அன்று அப்பா கேட்டபின் ஒருவர் மேலே கேட்க வாய் எடுத்தார். செல்லபாயின் அம்மா எட்டி அவர் வாயைப் பொத்தினாராம். “அந்தப் பிள்ள எழும்பட்டும்” என்றாராம். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார்கள்.

நான் எழுந்து நடந்துவிட்டேன். ஓடினேன். பந்து விளையாடினேன். பெட்டி வந்துகொண்டே இருந்தது. அது ஏன் வருகிறது என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றுதான் யோசித்தேன்.

அப்பாவிடம் இதைப் பேச ஆள் வேண்டும். நான் எழுதினால் பிரிக்காமல் கூரை எறவாணத்தில் செருகிவிடுவார். நீ போய்ப் பார்ப்பாயா? உன்மேல் அவருக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உனக்குப் பயம் இல்லை. எனக்கு இரண்டும் தலைகீழ்.

பதினைந்தாம் தேதி ஊருக்கு வருகிறேன். திருநெல்வேலியில் இறங்கி பஸ் பிடித்து வடசேரி வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

உன்
ஞானசிங்

*

தோப்படிவிளை
1934 டிசம்பர் 10

அன்புள்ள அத்தானுக்கு,

திருட்டு மாதிரி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஊர் கொடுத்தது. ஆனால் நடக்காத பிள்ளைக்குக் கொடுத்ததை, ஓடுகிற பிள்ளைக்கும் பிறகு காளைக்கும் வாங்கிக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாமாவை, உங்கள் அப்பாவைத்தான், போய்ப் பார்த்தேன். நீங்கள் போக வேண்டிய இடம் அது. தொழுவத்தில் இருந்தார். திரும்பிப் பார்க்காமலே, “கோயில்ல தடை சொன்னவளுக்கு இஞ்ச என்ன சோலி?” என்றார்.

“ஒங்க மொவன் எத்தன வயசுல நடந்தாரு மாமா?”

வைக்கோலைக் கீழே போட்டார். “ஆரு சொன்னா?”

“நடந்தவரே எழுதினாரு.”

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நீங்கள் முதன்முதலில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளைச் சொன்னார். சொல்லிக்கொண்டே கையால் உயரம் காட்டினார், இவ்வளவுதான் இருந்தீர்களாம். “அண்ணு எரக்கப்பட்டு ஒருத்தரும் கேக்கல்ல. பொறவு ஒருத்தரும் கேக்காம இருந்தது எனக்கு வசதியாப் போச்சு” என்றார். இவ்வளவு நேராகப் பேசுகிறவருக்கு நீங்கள் எப்படி மகனாகப் பிறந்தீர்கள்?

“சரி. இனி நான் வாய தொறக்கல்ல. போ” என்றார். நான் போகவில்லை.

“இன்னும் என்ன?”

“கோயில் அசன விருந்துக்குச் சோறு வைக்கிற பெரிய வார்ப்பு ஒங்க வீட்டுலதானே இருக்கு? முட்ட அவிக்க வேணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒன்னக் கெட்டிக்கிட்டு அவன் எப்பிடிக் காலம் தள்ளப் போறானோ” என்றார். அன்றைக்கே வார்ப்பு வந்துவிட்டது.

நேற்று ஞாயிறு. காலை ஆராதனையில் நம் அறிக்கையை இரண்டாம் தடவை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டுவிட்டு உபதேசியார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், கோயிலும் திரும்பிப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். சாயங்காலம் கோழிகள் எல்லாம் மறுபடி வேலைக்குத் திரும்பியிருந்தன. அப்படி ஒரு பெட்டி முட்டையை நான் பார்த்ததில்லை. கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். மாமா மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்று, “தீய கொறைங்கட்டீ, வெடிக்கும்” என்று எல்லாரையும் விரட்டினார். ஆளுக்கு ஒரு முழு முட்டை. கூட அவித்த காணம், அதுவும் மாமா வீட்டுக் காணம். காளைக்குப் பாதிதானாம், எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

இதுவரை கையில் முழு முட்டை வாங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள் அத்தான். ஒன்று, “இத எப்பிடித் தொறக்க?” என்று என்னிடம் நீட்டியது. ஒன்று தின்னாமல் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று முழுதாக வாய்க்குள் போட்டு விழி பிதுங்கி, செல்லபாய் முதுகில் அறைந்து எடுத்தாள். அத்தனை சத்தம், அத்தனை சிரிப்பு. உபதேசியார் மூன்றாவது முட்டை எடுத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் மதிலுக்கு வெளியே செல்லத்தாய் என்கிற சிறுமி நிற்பதைப் பார்த்தேன். என் வகுப்புதான். அவளோடு இன்னும் நாலைந்து பேர், நம் வேதத்தில் இல்லாத, கோயிலுக்கு வராத வீட்டுப் பிள்ளைகள். செல்லத்தாய் பூங்கனிக்குப் பக்கத்து மணையில் உட்காருகிறவள், அதே காணச் சட்டியில் தின்கிறவள். நான் கூப்பிட்டேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

“கோயில் கோழிக்க முட்ட கோயில் பிள்ளேளுக்கு. நீ கேட்டே, தந்தேன். ஊருக்கெல்லாம் தரணும்ணு கேக்காத.”

உபதேசியார் வானத்தைப் பார்த்தார். சபையார் முட்டை உரிப்பதிலேயே கண்ணாக இருந்தார்கள், கோழியை மனந்திரும்பவைத்த செல்லபாய்கூட. பூங்கனி மட்டும் மதில் அருகே போய் முட்டையைப் பிய்த்தாள். “ஏட்டி, வெள்ள ஒனக்கு, மஞ்ச எனக்கு. கேட்டியா?” செல்லத்தாய் வாங்கிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

கிழங்கு தின்று ஊதுகிற வயிறு எந்த வேதத்து வயிறு என்று பார்த்தா ஊதுகிறது?

என் கல்யாணத் தடை நீங்கிவிட்டது. நான் கேட்டது கிடைத்தது என்று ஊர் நினைக்கிறது. நான் கேட்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. முதல் கடிதத்தை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு தடவை நான் எழுந்தால் அது வேடிக்கை. சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நீங்கள் எழுந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். மாமாவும் வேட்டியை உதறிக்கொண்டு போகமுடியாது. நடக்காத பிள்ளையாக இந்த ஊரில் முட்டை தின்ற ஒரே ஆள் நீங்கள்தான்.

இது கிடைக்கும்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பதிலுக்கு நேரம் இருக்காது. பதினாறாம் தேதி மூன்றாவது அறிக்கை. முன்வரிசையில் உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். உபதேசியார் வாசித்து முடித்து, தடை உண்டா என்று கேட்டுத் தலையை நிமிர்த்துவார். செல்லத்தாய்க்காக நீங்கள் எழுந்து நிற்பீர்களா, மாட்டீர்களா?

கிளாரா